இருபது கட்டங்களிலும் ஒரே பெயர்

நாகேஸ்வரி. ஐம்பத்தெட்டு வயது. எட்டு வருடமாகச் சலரோகம், சீனி வருத்தம். பிள்ளைகள் இல்லை. கேட்டவுடன் சொல்ல வேண்டும், யோசிக்கக் கூடாது. யோசித்தால் கண் முதலில் மச்சாளிடம் போய்விடும். நாகேஸ்வரி. பிள்ளைகள் இல்லை. எத்தனை தரம் சொல்லிப் பார்த்தாலும் அந்த ஒன்று மட்டும் ஏன் தொண்டையில் நிற்கிறது?

குணலட்சுமி பஸ் ஜன்னலோரம் இருந்தாள். பக்கத்தில் உண்மையான நாகேஸ்வரி, அவளுடைய கணவனின் தமக்கை, கைப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். உடுப்பிட்டியில் ஏறியதிலிருந்து இருவரும் அதிகம் பேசவில்லை. முன் சீற்றின் முதுகில் சாய்த்து வைத்திருந்த பெரிய புடவைக்கடைப் பையைக் குணலட்சுமி அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“உதுக்குள்ளை என்ன?” என்று கேட்டாள் நாகேஸ்வரி.

“கஜானியின்ரை சாறி. சட்டை தைக்கக் குடுக்கவேணும்.”

“இண்டைக்கோ?”

“ரவுணுக்குப் போறம்தானே, மச்சாள்.”

நாகேஸ்வரி பையையும் அவளையும் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு டொபியை எடுத்து, உரிக்காமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

“காலமை சாப்பிட்டனீங்களோ?”

“நீ வெறும் வயித்தோடை வர, நான் என்னெண்டு சாப்பிடுறது?”

“எனக்குத்தான் சாப்பிடாமல் வரச்சொன்னது. நீங்கள் சலரோகக்காரி. டொபியை வாயிலை போடுங்கோ.”

“இண்டைக்கு நீயெல்லோ சலரோகக்காரி,” என்றாள் நாகேஸ்வரி. சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். அந்தச் சிரிப்புப் பாதியில் நின்றது. டொபியை வாயில் போட்டுக்கொண்டாள்.

பஸ் வல்லை வெளிக்குள் இறங்கியது. இரண்டு பக்கமும் தண்ணீர் வற்றி உப்புப் பூத்துக் கிடந்தது. காற்று ஜன்னல் கண்ணாடியைத் தட்டியது. குணலட்சுமி சேலைக்குள்ளால் விரலை விட்டுப் பாவாடை நாடாவைத் தொட்டாள். நாடாவில் பழைய முடிச்சு விழுந்த இடம் கசங்கிக் கறுத்திருக்கும். இப்போது வயிறு பருத்து, முடிச்சு விழுவது அதற்கு இரண்டு விரல் அகலம் தள்ளி. பங்குனியில் ஒரு விரல்தான் தள்ளியிருந்தது. இதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. பயம் என்பது நெஞ்சு பதறுவது என்று முன்பெல்லாம் நினைத்திருந்தாள். அது ஒரு நாடாவில், ஒவ்வொரு காலையும் குளித்துவிட்டு வரும்போது, விரலால் அளக்கக்கூடிய ஒன்றாக இருக்கும் என்று தெரிந்திருக்கவில்லை.

நாலு வருடத்துக்கு முன் கொழும்பில் அவளுடைய சூலகங்களையும் கர்ப்பப்பையையும் எடுத்தார்கள். சூலகத்தில் புற்றுநோய். ஊருக்குச் சொன்னது கர்ப்பப்பையில் சாதாரணக் கட்டி என்று. வெள்ளவத்தையில் தம்பி வீட்டில் ஆறு மாதம் இருந்து மருந்து ஏற்றி, மயிர் கொட்டி, திரும்ப முளைத்து, காதை மறைக்கும் அளவு வந்த பிறகுதான் ஊருக்கு வந்தாள். பேராதனையில் படித்துக்கொண்டிருந்த மகள் கஜானிக்கும் அதே கட்டிக் கதைதான். பெண் பிள்ளை இருக்கிற வீட்டில் அந்த வருத்தத்தின் பெயரைச் சொல்லக்கூடாது. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வருவார்கள். கடையில், கோயிலில், பக்கத்து வளவில் கேட்பார்கள். தாய்க்கு என்ன வருத்தம் என்பதுதான் அவர்கள் முதலில் கேட்பது.

பெயர் மாறியது போன வருடம். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் இரத்தம் கொடுத்து, சி.ஏ. 125 என்ற குறியீட்டைப் பார்க்கவேண்டும் என்று கொழும்பில் சொல்லியிருந்தார்கள். முப்பத்தைந்துக்குக் கீழே இருந்தால் நல்லது. நல்லூர்ப் பக்கம் ஒரு லாப்புக்கு மச்சாளோடு போனாள். மச்சாளுக்கும் சீனி பார்க்க இருந்தது. உள்ளே வாங்கில் குணலட்சுமியோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற ரீச்சர் ஒருத்தி இருந்தாள். அங்கே பெயரையும் பரிசோதனையையும் சேர்த்துச் சத்தமாகக் கூப்பிடுவார்கள். குணலட்சுமிக்குக் கால் நகரவில்லை. நாகேஸ்வரிதான் கவுண்டரில் குனிந்து, “இரண்டையும் என்ரை பேரிலை போடுங்கோ,” என்றாள். ஒருநாள் சமாளிப்பு என்றுதான் இருவரும் நினைத்தார்கள். ஆனால் அடுத்த தரம் போனபோது லாப்பின் கணினியில் அந்தப் பெயர் ஆயத்தமாக இருந்தது. அதை மாற்றப்போனால் காரணம் சொல்லவேண்டும்.

முடிவுகள் நாகேஸ்வரியின் போனுக்கு வந்தன. பதின்மூன்று. பதினெட்டு. இருபத்தேழு. கடைசியாக நாற்பத்துநாலு. அன்று நாகேஸ்வரி போனை நீட்டிக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றாள். “எடி பிள்ளை, என்ரை போனுக்கெல்லோ அந்த வருத்தம் வந்திட்டுது,” என்றாள். சிரிக்கச் சொன்னதுதான். ஆனால் அதன் பிறகு அவள் போனைக் குப்புறத்தான் வைப்பாள். ஒருநாள் சாமியறையில் தனியே நின்று தன் வயிற்றை அமத்திப் பார்த்துக்கொண்டிருந்ததையும் குணலட்சுமி கண்டாள். இலக்கம் யாருடைய பெயரில் விழுகிறதோ அவருக்குள் அது இறங்கிவிடும் என்பதுபோல. இருந்தும் மச்சாள், இனி என் பெயர் வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லவில்லை.

போன கிழமை யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டரிடம் காட்டினார்கள். கொழும்பில் வைத்தியம் செய்தவர் வெளிநாடு போய்விட்டார். நாலு முடிவிலும் நாகேஸ்வரி என்று இருந்ததால் அங்கேயும் நாகேஸ்வரி என்றே பதிந்தார்கள். டொக்டர் குணலட்சுமியின் வயதுக்காரி, ஆறுதலாகக் கதைப்பவள். நாலு தாள்களையும் மேசையில் வரிசையாக வைத்தாள்.

“முப்பத்தைஞ்சைத் தாண்டினதாலை நான் யோசிக்கேல்லை,” என்றாள். “வேறை எத்தினையோ காரணத்துக்கும் அது கூடும். ஆனா பதின்மூண்டிலையிருந்து ஒவ்வொருக்காலும் ஏறிக்கொண்டு வருது, பாருங்கோ. அதுதான் எனக்குப் பிடிக்கேல்லை. ஸ்கான் ஒண்டு எடுப்பம், இந்தக் கிழமைக்குள்ளை. கொழும்பிலை எடுத்த பழைய படம் இருக்கெல்லே? கட்டாயம் கொண்டு போங்கோ. ஒப்பரேசன் செய்த இடத்திலை தழும்பும் ஒரு புள்ளியாத்தான் தெரியும். பழைய படத்தைப் பக்கத்திலை வைச்சாத்தான் அது அண்டைக்கும் இருந்ததோ, புதுசா வந்ததோ எண்டு சொல்லலாம்.”

பிறகு பேனையை எடுத்தாள். “அம்மாவின்ரை பக்கத்திலை ஆருக்கும் இப்பிடி வந்ததோ?”

“சின்னம்மாவுக்கு. வயிறு ஊதிச் செத்தவ. என்ன வருத்தமெண்டு அப்ப தெரியாது.”

டொக்டர் எழுதினாள். “பிள்ளையள்? பொம்பிளைப் பிள்ளையள் இருந்தால் சொல்லுங்கோ. இது சில குடும்பங்களிலை பரம்பரையா வரும். உங்களுக்கு ஒரு மரபணுப் பரிசோதனை செய்து பாத்தால், அவைக்கு வரமுதலே கவனிக்க வழி இருக்கு.”

குணலட்சுமி வாயைத் திறந்தாள். மேசையில் நாகேஸ்வரி என்ற பெயர் நாலு தரம் கிடந்தது. பக்கத்துக் கதிரையில் நாகேஸ்வரி இருந்தாள், பிள்ளையில்லாதவள்.

“இல்லை,” என்றாள்.

டொக்டர் அந்தப் பகுதிக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். “சரி. அப்ப அந்தக் கவலை இல்லை.”

கோடு சின்னச் சத்தத்தோடுதான் விழுந்தது. வெளியே வந்து வேப்பமரத்தின் கீழ் பஸ்ஸுக்கு நிற்கும்போது நாகேஸ்வரி சொன்னாள்: “அந்தச் சொல்லை நான் முப்பது வருசமாச் சொல்லுறன். பழகிப்போச்சு. இண்டைக்கு நீ சொல்லேக்கைதான் நொந்தது.”

குணலட்சுமி பஸ் வரும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்ற பயத்தோடு நாலு வருடம் வாழ்ந்திருக்கிறாள். அதைச் சுமக்கிற விதம் தெரியும். இப்போது வந்தது வேறு பயம். கஜானி குளித்துவிட்டு, மயிரைத் துவாயால் சுற்றிக்கொண்டு, தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று முறைப்பட்டபடி நடமாடும்போதெல்லாம் அவள் கண் பிள்ளையின் வயிற்றில் போய் நின்றது. தட்டையான, இருபத்தாறு வயது வயிறு. என்னம்மா அப்பிடிப் பாக்கிறியள் என்று கேட்டாள் ஒருநாள். மெலிஞ்சு போனாய் என்றாள் குணலட்சுமி.

டொக்டர் சொன்ன நாளுக்குள் ஸ்கானுக்கு இடம் கிடைத்தது ஒரே ஒரு இடத்தில்தான். அங்கேதான் மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரி துஷாந்தினி வேலை செய்கிறாள் என்று அப்போதுதான் கணவன் ஜெயரூபனுக்கு நினைவு வந்தது. கஜானிக்குப் பேசிய மாப்பிள்ளை செந்தூரன் கனடாவில். அவன் தாய் சிவகௌரி நல்லூரில். பெண் பார்க்க வந்த அன்று சிவகௌரி பெருமையாகச் சொல்லியிருந்தாள்: “என்ரை தங்கச்சியின்ரை மகள் துஷாந்தினி ஸ்கான் எடுக்கிற இடத்திலை வேலை. ஏதும் தேவையெண்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கோ.” அன்று துஷாந்தினி வரவில்லை. ஆட்களை அவளுக்குத் தெரியாது. ஆனால் பெயர்கள் தெரியும். அழைப்பிதழின் மாதிரி, தாய் தகப்பன் பெயர்களோடு, எல்லோருடைய போனிலும் சுற்றிக்கொண்டிருந்தது. செந்தூரன் வந்து இறங்கிவிட்டான். எழுத்து, கலியாணப் பதிவு, பன்னிரண்டாந் திகதி.

நேற்றுப் பின்னேரம் ஜெயரூபன் அலுமாரியின் மேலிருந்து பழைய படத்தை எடுத்தார். முப்பது வருடம் தபால் கந்தோரில் இருந்தவர். “பேர் எண்டது எல்லாற்றை கையுக்குள்ளாலையும் போற சாமான், இஞ்சேரும். ஒருத்தன் வாசிச்சால் காணும்,” என்றார். கையில் சவர பிளேட் இருந்தது. “மூலையிலைதானே இருக்கும். அந்தத் துண்டை வெட்டிவிட்டால் படத்தைக் கொண்டு போகலாம்.”

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கரிய தாளில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் அவளுடைய உடம்பு குறுக்கே அறுத்த பலாப்பழம்போல. அவர் எண்ணினார். பிளேட் பிடித்த கை தாழ்ந்தது.

“இருபதிலையும் கிடக்கு.”

குணலட்சுமி எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு கட்டத்தின் மேல் மூலையிலும் ஆங்கிலப் பொடி எழுத்தில் அவளுடைய பெயர், கீழே திகதி. வெட்டினால் ஈரலும் குடலும் சேர்ந்து போய்விடும்.

“சாதகத்திலை பன்ரண்டு கட்டம். அதிலை எல்லாம் பொருத்தமெண்டுதானே சொன்னவை,” என்றாள் வாசலில் நின்ற நாகேஸ்வரி.

ஜெயரூபன் படத்தை உறைக்குள் வைத்தார். அவர் விரல்கள் உறையின் வாயைத் தேடித் தேடித் தவறின. “பழைய படம் துலைஞ்சிட்டுது எண்டு சொல்லும். எழுத்து முடியட்டும். அடுத்த நாளே நான் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போறன், உம்மடை பேரிலை எல்லாம் திரும்ப எடுப்பம். இப்ப அக்காவின்ரை பேரைச் சொல்லும். நான் உம்மைக் கெஞ்சிக் கேக்கிறன்.”

“நாளைக்குக் கஜானிக்கும் வந்தால்?”

“வாயை வைக்காதையும்.” அவர் எழும்பிப் போய், ஏற்கெனவே தண்ணீர் விட்ட மிளகாய்க் கன்றுகளுக்குத் திரும்பத் தண்ணீர் விட்டார். அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. அவரும் பயந்திருந்தார். அவருடைய பயம் பன்னிரண்டாந் திகதி வரைக்கும்தான் பார்த்தது. அதற்கு அங்காலே பார்க்க அவருக்குத் துணிவில்லை.

படம் துலைஞ்சிட்டுது என்று சொல்வதாகத்தான் இருந்தாள். காலையில் வெளிக்கிடும்போது கை தானாகப் போய் உறையைப் புடவைக்கடைப் பைக்குள் வைத்தது. ஏன் என்று தன்னிடம் கேட்கவில்லை.

ஸ்கான் எடுக்கும் இடத்தில் குளிரூட்டி போட்டிருந்தார்கள். கதிரைகள் நிறைய ஆட்கள். கவுண்டருக்குப் பின்னால் மெல்லிய பெண் ஒருத்தி; சட்டையில் துஷாந்தினி என்ற பெயர். நெற்றியில் சந்தனக் கீற்று. சிவகௌரியின் அதே நாடி. டொக்டரின் கடிதத்தை வாங்கிக் கணினியில் தட்டினாள்.

“நாகேஸ்வரி. உடுப்பிட்டி. சரிதானே அம்மா?”

நாகேஸ்வரியின் கை குணலட்சுமியின் முழங்கையைத் தொட்டது.

“ம்,” என்றாள் குணலட்சுமி.

“சலரோகம் இருக்கெண்டு கிடக்கு. குளிசை என்ன போடுறனீங்கள்?”

நேற்று முழுவதும் பாடமாக்கிய மாத்திரையின் பெயர் வரவில்லை.

“மெற்ஃபோமின். இரண்டு நேரமும்,” என்றாள் நாகேஸ்வரி.

“அவவே சொல்லட்டும் அம்மா. மருந்து ஊசி ஏத்திறதுக்கு முதல் கேக்கிறது, பிழை விடக்கூடாது.” துஷாந்தினி கடிதத்தை மீண்டும் வாசித்தாள். “பழைய படத்தோடை ஒப்பிடச்சொல்லி எழுதியிருக்கிறா. படம் கொண்டு வந்தனீங்களோ?”

“இல்லைப் பிள்ளை, அது துலைஞ்சு போச்சு,” என்றாள் நாகேஸ்வரி.

குணலட்சுமி உள் அறையின் கதவைப் பார்த்தாள். அறைக்குள் ஒரு இயந்திரம் இருக்கிறது. அது இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளைக் குறுக்கே குறுக்கே அறுத்துப் பார்க்கப் போகிறது. அதற்கு எதையும் மறைக்க முடியாது. மேலே எழுதப் போகிற பெயர் மட்டும்தான் பொய்யாக இருக்கும். அந்தப் பெயருக்கு முன்பொரு படமும் இல்லை. ஒரு மகளும் இல்லை.

அவள் பையைத் தூக்கிக் கவுண்டரில் வைத்தாள்.

“பிள்ளை...” என்றாள் நாகேஸ்வரி மெதுவாக.

துஷாந்தினி உறையிலிருந்து படத்தை உருவி, குழல் விளக்குக்கு நேரே பிடித்தாள். “நல்ல வேளை. இது இல்லாட்டி...” அவள் நிறுத்தினாள். கண் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போனது. “இதிலை வேறை பேரெல்லோ கிடக்கு.”

பின்னால் யாரோ இருமினார்கள். துஷாந்தினி படத்தில் இருந்த பெயரை உதடு மட்டும் அசைய வாசித்தாள். பிறகு திரும்பவும் வாசித்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது என்பதைக் குணலட்சுமி கண்டாள். இவ்வளவு நாளும் இந்தக் கணத்துக்குத்தான் பயந்திருந்தாள். வந்தபோது அது ஒரு சின்னப் பெண்ணின் முகமாக இருந்தது. கழுத்துவரை சிவந்து, என்ன செய்வதென்று தெரியாமல்.

துஷாந்தினி படத்தை இறக்கி மறைவாகக் கவுண்டருக்குக் கீழே வைத்தாள். முன்னால் குனிந்தாள்.

“மாமி,” என்றாள். அதுவரை அம்மா என்று கூப்பிட்டவள். “நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். பெரியம்மாவுக்கும் சொல்லன். செந்தூரன் அண்ணைக்கும் சொல்லன். நீங்கள் பயப்பிடாதேங்கோ.” அவள் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “பேரை மாத்திறதெண்டால் டொக்டரிட்டைப் புதுக் கடிதம் எடுக்கவேணும். அவ இஞ்சை வர பின்னேரமாகும். பிறகு வெளியிலை நிண்டு உங்கடை பேரைக் கூப்பிடுவினம். எல்லாருக்கும் கேக்கும். இண்டைக்கு இந்தப் பேரிலையே எடுப்பம். பழைய படத்தைத் தனியக் கொண்டுபோய் டொக்டரிட்டைக் காட்டுங்கோ. பேசாமல் ஓமெண்டு மட்டும் சொல்லுங்கோ மாமி. நான் பதியிறன்.”

நாகேஸ்வரியின் கை முழங்கையில் இறுகியது. ஓம் சொல்லு, பிள்ளை. கை சொன்னது. அந்தக் கை ஈரமாக, சில்லிட்டு இருந்தது. எத்தனையோ மாதமாக அவளுடைய இலக்கங்களைத் தன் பெயரில் வாங்கிக்கொண்ட கை. குணலட்சுமி அதன் மேல் தன் கையை வைத்தாள்.

இந்தப் பெண் நல்லவள். சொன்னபடி வாயைத் திறக்கமாட்டாள். எழுத்து நடக்கும், தாலிக்குப் பொன்னுருக்கு நடக்கும், கஜானி விமானம் ஏறுவாள். அந்த டொக்டரின் தாளில், பொம்பிளைப் பிள்ளையள் என்ற இடத்தில், ஒரு கோடு அப்படியே கிடக்கும். எத்தனை வருடம் கழித்து, எந்தக் குளிர்ந்த ஊரில், தன் பாவாடை நாடாவை விரலால் அளந்துகொண்டு அவள் நிற்பாள்?

“பிள்ளை,” என்றாள் குணலட்சுமி. “எனக்குச் சலரோகம் இல்லை. குளிசை ஒண்டும் போடுறேல்லை. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். டொக்டர் வந்தவுடனை அதை முதல் எழுதவேணும்.”

“மாமி, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. ஓமெண்டு ஒரு சொல்லுத்தானே.”

“வேண்டாம் பிள்ளை. நான் பின்னேரம் வரைக்கும் இருக்கிறன்,” என்றாள் குணலட்சுமி.